பாத்திரம் யார் கழுவுவாங்க?

"உங்களுக்குச் சமைக்கத் தெரியுமா?"

கேட்டது அந்தப் பெண். எதிரில் இருந்த பையன் சிரித்து மழுப்பவில்லை. "சாதம், ரசம், முட்டைப் பொரியல் வரும். புளிக்குழம்பு இன்னும் சரியா வரல" என்றான்.

இன்று மாலை அண்ணா நகர் காபிக் கடையில், பக்கத்து மேசை. பெரியவர்கள் பேசி முடிப்பதற்கு முன்னால் ஒருமுறை தனியாகச் சந்திக்க வந்திருக்கிறார்கள் என்று பேச்சிலேயே தெரிந்தது.

அவள் அதோடு விடவில்லை.

"சரி, பாத்திரம் யார் கழுவுவாங்க?"

இந்தக் கேள்விதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆசையாகப் பிரியாணி செய்கிற ஆண்களை நிறையவே பார்த்திருக்கிறேன். அடிப்பிடித்த குண்டானைத் தேய்ப்பது பெரும்பாலும் வேறொருவர்.

2019-இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், தங்கள் வீட்டு வேலைகளைச் சம்பளமில்லாமல் செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிட்ட நேரம் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள், 97. 2024-இல் அது 289, 88. இரண்டு பக்கமும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, இடைவெளி மட்டும் அப்படியே நிற்கிறது. காபிக் கடை பில்லை ஜிபேயில் ஆளுக்குப் பாதியாகப் பிரிக்கப் பழகிவிட்டோம். வீட்டுக்குள் அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

என் அம்மாவைப் பெண் பார்க்க வந்தபோது கேள்வியெல்லாம் ஒரு பக்கமிருந்துதான் வந்ததாம். பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா. திருப்பிக் கேட்க யாரும் இடம் கொடுக்கவில்லை.

இந்தப் பெண்கள் கேட்கட்டும். சம்பளம் எவ்வளவு என்பதற்கு முன்னாலேயே கேட்கட்டும். அப்புறம் இதையும் சேர்த்துக் கேட்கட்டும்: குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது?