அரங்கேற்று காதையில் ஒரு மாதம்

காலையில் எழுந்ததும் போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு அரை மணி நேரம் சிலப்பதிகாரம். சில நாள் இருபது வரி ஓடும், சில நாள் நாலு வரிதான். மொத்தம் 30 காதை, அதாவது அத்தியாயம். முதல் இரண்டும் எப்படியோ போய்விட்டன. மூன்றாவதான, மாதவியின் நடன அரங்கேற்றத்தைச் சொல்லும் அரங்கேற்று காதையில்தான் ஒரு மாதம் மாட்டிக்கொண்டேன். யாழாசிரியன், குழலோன், தண்ணுமை ஆசிரியன் என்று ஒவ்வொருவருக்கும் தனி இலக்கணம். பழைய உரையாசிரியர் அடியார்க்கு நல்லாரின் உரையைப் புரட்டினால், அந்த உரைக்கே ஓர் உரை தேவைப்படுகிறது!

ஒரு நாள் ஆடலரங்கின் அளவு வந்தது: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஒரு கோல் என்றால் 24 விரல். சரி, பார்த்துவிடுவோம் என்று கட்டை விரலை வைத்துத் தரையில் அளந்தேன். ஒரு கோல் அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கட்டிலை நகர்த்தியும் மாதவியின் மேடை என் அறைக்குள் அடங்கவில்லை. அன்றைக்குப் படித்தது மூன்றே வரி. ஆனால் அந்த மூன்றும் இன்னும் மனப்பாடமாக இருக்கின்றன.

இப்போது ஏழாவது காதையான கானல்வரி. அதற்கு அடியார்க்கு நல்லார் உரை கிடைக்கவில்லை. உள்ளுக்குள் ஒரு சின்ன நிம்மதி.