கரும்புக் கரி விழுந்த துணி

2020 ஜனவரியில் மதுரையிலிருந்து கிளம்பியபோது எனக்கு விமானத்தில் 23 கிலோதான் அனுமதி. அதில் 6 கிலோவுக்குப் பழைய சுங்குடிச் சேலைகளை அடுக்கியிருந்தேன். அம்மா கட்டிக் கட்டி நைந்தவை, பாட்டியுடையவை இரண்டு, என்னுடையது ஒன்று. "போற ஊர்ல துணியே கிடைக்காதா? கந்தலை எதுக்குடி சுமக்கிற, அந்த இடத்துல புளி வெச்சாலாவது ஆகும்" என்றாள் அம்மா. புளி இங்கே எல்லாக் கடையிலும் இருக்கிறது. சுங்குடிதான் இல்லை.

நாங்கள் குடிவந்த ஊர் டோங்காட். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர். பக்கத்திலேயே விமான நிலையம், அங்கே ஒரு சரக்குக் கிடங்கில் கணவருக்கு வேலை. ஊரைச் சுற்றிலும் கரும்பு. 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் இந்தியரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டால் என்ற இந்தப் பகுதிக்குக் கொண்டுவந்தது பெரும்பாலும் இந்தக் கரும்புக்காகத்தான். அவர்களில் பெரும்பகுதி மெட்ராஸில் கப்பலேறியவர்கள். அதனால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கோவெண்டர், மூட்லி, பிள்ளை என்று தமிழ் வழிப் பெயர்கள். சரி, வாய் வலிக்கத் தமிழ் பேசலாம் என்று நினைத்தேன். நான் தமிழில் கேட்டால் அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள். கோவிலில் தேவாரம் பிழையில்லாமல் பாடுகிறவரிடம் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு அப்போது 74 வயது. அவரிடம் தண்ணி, கஞ்சி, விபூதி என்று கொஞ்சம் சொற்கள் மிச்சமிருந்தன. அவருடைய பாட்டி கரும்புக் காட்டில் களை வெட்டியவராம். எந்த ஊரிலிருந்து வந்தார் என்று ஆன்ட்டிக்குத் தெரியாது. என் மதுரையைப் பற்றி அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "அங்கேயும் கறிவேப்பிலை மரம் இருக்கா?"

மார்ச் 27 அன்று ஊரடங்கு வந்தது. வீட்டில் ஒரு தையல் மெஷின்கூட இல்லை. பெட்டியிலிருந்த சேலைகளை வெட்டிக் கையாலேயே ஓட்டுத் தையல் போட ஆரம்பித்தேன். எங்கள் பாட்டி பழைய சேலைகளை நாலாக மடித்துத் தைத்துக் கைக்குழந்தைக்குப் படுக்கை செய்வார். மூன்று அடுக்கு இருந்து, நடு அடுக்கில் பஞ்சு இருந்து, தையல் மூன்றையும் பிடித்துக்கொண்டிருந்தால் அதற்குக் குவில்ட் என்று பெயர். அதையே படுக்கையில் விரிக்காமல் சுவரில் மாட்டுவதற்கென்று, சொந்தமாகச் சாயம் போட்டு, தூரிகையால் வரைந்து செய்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அமெரிக்காவில் 1979-இல் இதற்கென்றே தொடங்கிய பெரிய கண்காட்சி, ஒரு பழைய மாட்டுக்கொட்டகையில் நடந்தது. படித்ததும் எனக்கு ஒரு தைரியம் வந்தது. மாட்டுக்கொட்டகை என்றால் நமக்குத் தெரியாததா.

சாயம் என்றதும் மதுரைக்காரிக்குக் கொஞ்சம் திமிர் இருக்கும். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் சௌராஷ்டிரா வீடுகள். பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் முடிச்சுப் போடுவார்கள். முடிச்சுக்குள் சாயம் போகாது. அவிழ்த்தால் புள்ளி. சில நூற்றாண்டுகளுக்கு முன் குஜராத் பக்கமிருந்து வந்தவர்களின் வழி அவர்கள். இன்னும் வீட்டுக்குள் தங்கள் மொழியைப் பேசுகிறார்கள். இதை நான் மதுரையில் இருந்தவரை ஒரு நாளும் யோசித்ததில்லை. டோங்காட் வந்த பிறகுதான் அந்தத் திண்ணைகள் அடிக்கடி நினைவுக்கு வந்தன. சுங்குடியின் பளபளப்புக்கு வைகைத் தண்ணீர்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். வைகையில் தண்ணீர் ஓடி நான் பார்த்தது குறைவு, அது வேறு விஷயம்.

முதல் சாயம் படுதோல்வி. 'நூறு சதவீதம் பருத்தி' என்று அட்டை போட்ட வெள்ளைப் படுக்கை விரிப்பு வாங்கி, நீலத்தில் ஊறவைத்தேன். பருத்தி நூலுடன் ரசாயனப் பிணைப்பாகவே ஒட்டிக்கொள்ளும் வகைச் சாயம் அது. புரோசியான் என்ற பெயரில் 1956-இல் சந்தைக்கு வந்தது. கொதிக்கவைக்க வேண்டியதில்லை, டர்பன் கோடையின் வெக்கையே போதும். அலசி எடுத்தால் துணி மாவு கரைத்த தண்ணீரில் நாலு சொட்டு இங்க் விட்ட மாதிரி இருந்தது. அப்புறம்தான் ஒரு நூலை உருவித் தீயில் காட்டினேன். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். இது உருகி நுனியில் குண்டுமணியாகத் திரண்டது. பாதிக்குப் பாதி பாலியெஸ்டர்! அம்மா துணிக்கடையிலேயே செய்யும் சோதனை இது. (கடைக்காரர் முறைப்பார், அம்மா கண்டுகொள்ள மாட்டாள்.) அன்றிலிருந்து தீப்பெட்டி இல்லாமல் நான் துணி வாங்கப் போவதில்லை.

சாயம் பிடிக்கச் சலவைச் சோடா வேண்டும். அதை நீச்சல் குளச் சாமான் விற்கும் கடையில் மலிவாக வாங்கலாம் என்று குவில்ட் செய்யும் பெண்கள் குழு ஒன்றில் சொல்லிக்கொடுத்தார்கள். சோடா சேர்த்துவிட்டால் சாயம் துணியோடு மட்டுமல்ல, தண்ணீரோடும் வினைபுரியத் தொடங்கிவிடும். சில மணி நேரத்தில் வாளியிலிருப்பது வெறும் வண்ணத் தண்ணீர்தான், அடுத்த துணிக்கு உதவாது. மிச்சம் வைக்கிற எனக்கு இது பெரிய வேதனை. சாயத் தூளைக் கலக்கும்போது முகமூடி வேண்டும், மூச்சில் போனால் ஒவ்வாமை வரும். கொரோனா புண்ணியத்தில் முகமூடிக்குப் பஞ்சமில்லை. குறைந்த தண்ணீரில் துணியைக் கசக்கித் திணித்துச் சாயம் ஊற்றினால் மேகம் மேகமாகப் பிடிக்கும். ஒரே சீரான நிறம் வேண்டுமென்றால் நிறையத் தண்ணீரில் கிளறிக்கொண்டே நிற்க வேண்டும். எனக்கு மேகம்தான் பிடித்தது.

ஊரடங்கு தளர்ந்ததும் டர்பன் கிரே தெருவுக்குப் போனேன். பெயரை டாக்டர் யூசுப் தாதூ தெரு என்று மாற்றி வெகுகாலம் ஆகிறது, ஆனால் கேட்டால் எல்லாரும் கிரே தெரு என்றுதான் வழி சொல்கிறார்கள். அங்கேதான் ஷ்வேஷ்வே துணியை முதலில் கையில் எடுத்தேன். அட்டை போல விறைப்பு, கஞ்சி வாசனை, அடர்ந்த நீலத்தில் பொடிப்பொடி வெள்ளைப் புள்ளிகள். 1840-களில் பக்கத்து நாடான லெசோத்தோவின் மன்னர் மொஷோஷோவுக்குப் பிரெஞ்சுப் பாதிரிமார் இந்த நீலத் துணியைப் பரிசளித்தார்களாம், அவர் பெயரிலிருந்து வந்ததுதான் இந்தப் பெயர் என்கிறார்கள். முதலில் ஐரோப்பாவிலிருந்து வந்த துணி, பிற்பாடு கிழக்குக் கேப் மாகாணத்தில் ஸ்வெலிட்ஷாவில் அச்சாகத் தொடங்கியது. நாலு தடவை துவைத்தால் கஞ்சி போய் மெத்தென்று ஆகிவிடும்.

அந்தப் புள்ளிகளைப் பார்த்தபடி கடையில் அரைமணி நேரம் நின்றிருப்பேன். சுங்குடியில் முடிச்சுப் போட்டுச் சாயத்தை உள்ளே விடாமல் புள்ளி எடுக்கிறோம். ஷ்வேஷ்வேயில் முழுத் துணிக்கும் நீலம் ஏற்றிவிட்டு, செப்பு உருளை வழியாக மெல்லிய அமிலத்தால் நிறத்தைத் தின்னவைத்துப் புள்ளி எடுக்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டும் வெள்ளைப் புள்ளிதான். ஆனால் சுங்குடிப் புள்ளியில் ஒன்று போல் இன்னொன்று இருக்காது, நடுவில் நூல் இறுக்கிய சுருக்கம் வேறு. என் முதல் பெரிய குவில்டில் முகப்பு பாட்டியின் சேலை, பின்பக்கம் ஷ்வேஷ்வே. ஒரு போட்டிக்கு அனுப்பினேன். 'துணியைச் சரியாக இஸ்திரி போடவில்லை' என்று எழுதி மதிப்பெண் குறைத்திருந்தார்கள். முடிச்சின் சுருக்கத்தை இஸ்திரி போட்டு அழிப்பதா! இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

ஏப்ரல் 2022-இல் வெள்ளம். மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் ஊருக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையத்தையும் வெள்ளம் சிதைத்துவிட்டுப் போனது. ஊரே தண்ணீரில் மிதந்த பிறகு மாதக்கணக்கில் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. லாரி வரும், வாளியோடு வரிசையில் நிற்போம். மதுரையில் குடத்தோடு நின்ற பழக்கம் இருந்ததால் எனக்கு வரிசை பெரிதாகத் தெரியவில்லை. ஆன்ட்டியின் வாளிகளையும் நானே தூக்கிவந்தேன். கூடவே தினமும் மின்வெட்டு, லோட் ஷெடிங் என்று அட்டவணை போட்டு நிறுத்துவார்கள். அதுவும் நம் ஊரில் பார்த்ததுதான்.

ஆனால் சாயம் போட முடியாது. ஒரு மீட்டர் துணியில் ஒட்டாத சாயத்தை வெளியேற்றவே ஐந்தாறு வாளி வேண்டும், கடைசி அலசலுக்குச் சுடுதண்ணீர் வேண்டும். குடிக்கிற தண்ணீரில் அதைச் செய்ய மனம் வரவில்லை. அதனால் அலச வேண்டாத துணி பெயிண்டுக்கு மாறினேன். கெட்டியாகப் பூசினால் துணி தோல் மாதிரி ஆகி ஊசி இறங்காது. நிறையத் தண்ணீர் விட்டு இளக்கி, ஈரத் துணியில் பூச வேண்டும். அதன்மேல் இலைகளை அழுத்தி வைத்து வெயிலில் விட்டால், வெளியே தெரியும் இடம் முதலில் காயும். காய்கிற இடம் இலைக்கு அடியிலிருக்கும் ஈரத்தையும் நிறத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். இலையை எடுத்தால் அதன் உருவம் வெளிறித் தெரியும். ஆன்ட்டி வீட்டுக் கறிவேப்பிலையைக் கொத்தாக ஒடித்து வந்தேன். ஒவ்வொரு சின்ன இலையும் பதிந்தது.

ஜூலை, ஆடி மாதம். நமக்கு ஆடிக்காற்று, இங்கே குளிர்காலம், வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இங்கே 'பாரிட்ஜ் பிரேயர்' என்கிறார்கள். கோவிலுக்குப் போய்க் கூழ் குடித்துவிட்டு வந்து பார்க்கிறேன், முற்றத்தில் காயப்போட்ட மூன்று மீட்டர் துணி முழுக்கக் கறுப்புப் பொட்டு. அறுவடைக்கு முன் கரும்புக் காட்டுக்குத் தீ வைப்பார்கள், தோகை எரிந்த கரி ஊர் மேல் பறந்து விழும். 'கறுப்புப் பனி' என்று பெயர். கொடியில் துணி போட்ட எல்லாப் பெண்களும் திட்டுவது அதைத்தான். தட்டிவிடலாம் என்று கை வைத்தேன். ஈரத்தில் இழுத்துக்கொண்டு கோடாகிவிட்டது. மற்றதைத் தொடாமல் விட்டேன்.

அழுகை வந்தது என்றே சொல்ல வேண்டும். ஆன்ட்டி சுவருக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார். "காயட்டும். காய்ந்த பிறகு உதறு. எங்க ஆயா அப்படித்தான் செய்வாங்க" என்றார். காய்ந்ததும் உதறினேன். பாதி போயிற்று, பாதி பெயிண்டோடு தங்கிவிட்டது. தங்கிய ஒவ்வொரு கரித் துணுக்கையும் சுற்றி வெள்ளை நூலில் பொடித் தையல் போட்டேன். மெஷின் வாங்கியிருந்தும் கையால்தான், கரண்ட் இல்லாத இரவுகளில் டார்ச் வெளிச்சத்தில். நவம்பர் வரை போயிற்று. ஓரத்தில் மட்டும் அம்மாவின் சுங்குடி.

ஆன்ட்டியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தவர், "சுவரிலா மாட்டப் போறே? இதில் படுக்கக் கூடாதா?" என்றார். கண்காட்சிக்கு அனுப்ப அளவெல்லாம் பார்த்து, மேலே மாட்டுவதற்குத் துணிக்குழாய்கூடத் தைத்திருந்தேன். மடித்து அவரிடமே கொடுத்துவிட்டேன்.

போன வாரம் அது அவர் வீட்டுக் கொடியில் தொங்கியது. சலவை மெஷினில் போட்டுத் துவைத்திருக்கிறார், கறிவேப்பிலை நிறம் ஒரு பிடி இறங்கியிருக்கிறது. மேற்கே கரும்புக் காட்டில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. போய்ச் சொல்லலாமா என்று செருப்பை மாட்டினேன். அப்புறம் வேண்டாமென்று உள்ளே வந்து அரிசி களைந்தேன்.