ஒரு நொடிகூட அணைக்காமல் பவர் பிளான்ட்டை மாற்றினோம்

கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்துப் பல வருடம் ஓடிக் களைத்த 48 வோல்ட் டிசி பவர் பிளான்ட் ஒன்றைக் கழற்றிவிட்டு, ரெக்டிஃபையர் மாட்யூல்களைச் செருகி வைக்கும் புது வகை அமைப்பை நிறுவும் வேலை எங்கள் கைக்கு வந்தது. தொலைத்தொடர்புக் கருவிகள் நிறைந்த அறை. வேலைக்கு நாங்கள் மூன்று பேர். உள்ளே ஓடும் எந்தக் கருவியும் ஒரு நொடிகூட அணையக் கூடாது என்பதுதான் நிபந்தனை. இதே வேலையை எடுக்கப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால், எங்கே தடுமாறினோம், எது எங்களைக் காப்பாற்றியது என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

வீட்டு இன்வெர்ட்டரில் மெயின்ஸ் போனதும் உள்ளே ஒரு ரிலே மாறும், விளக்கு ஒரு தரம் சிமிட்டும். இங்கே மாறுவதற்கு எதுவும் கிடையாது. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர், பேட்டரி, மின்சாரம் இழுக்கும் கருவிகளான லோடு மூன்றும் ஒரே பஸ்பாரில், அதாவது ஒரே தடித்த உலோகப் பட்டையில், எந்நேரமும் சேர்ந்தே இருக்கின்றன. மெயின்ஸ் இருக்கும்வரை ரெக்டிஃபையர்கள் லோடுக்கும் கொடுத்து, பேட்டரியையும் நிரம்பிய நிலையில் வைத்திருக்கும். மெயின்ஸ் போனால் பேட்டரி எங்கிருந்தும் வர வேண்டியதில்லை, அது ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறது. எனக்கு இந்த அமைப்பின் மேல் மரியாதை வந்ததே இந்த ஒரு விஷயத்தால்தான். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. மெயின்ஸ் இருக்கும்வரை பேட்டரி நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதை பஸ் வோல்ட்டை மட்டும் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பஸ்ஸில் 54 வோல்ட் காட்டும். அது ரெக்டிஃபையரின் 54.

48 என்பது பெயருக்குத்தான். 2 வோல்ட் செல் 24ஐ வரிசையாக இணைத்தது ஒரு ஸ்ட்ரிங். ஃப்ளோட், அதாவது பேட்டரியை நிரம்பிய நிலையிலேயே வைத்திருக்கும் அளவு, செல்லுக்கு 2.25 வோல்ட் என்றால் மொத்தம் 54. இதில் ப்ளஸ் பக்கம்தான் எர்த், மைனஸ்தான் உயிருள்ள கம்பி. பழைய தொலைபேசிக் காலத்திலிருந்து வந்த வழக்கம் இது: ஈர மண்ணில் கிடக்கும் செம்புக் கம்பி மண்ணைவிட ப்ளஸ்ஸாக இருந்தால் அரித்துக் கரையும், மைனஸாக இருந்தால் தப்பிக்கும். ஏசி வேலையே பார்த்துப் பழகியவர்கள் இந்த இடத்தில் ஒரு தரம் நின்று யோசித்துவிட்டுக் கை வைப்பது நல்லது. பிரேக்கர், ஃப்யூஸ் எல்லாம் மைனஸ் பக்கத்தில்தான் வரும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். கம்பியைச் சுற்றிப் பிடித்தே மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்து ஒரு முழு நாள் பார்த்ததில் லோடு 78 ஆம்பியர், அதாவது 54 வோல்ட்டில் சுமார் 4.2 கிலோவாட். இதை அப்படியே 78 என்று எடுத்துக்கொண்டு பேட்டரிக் கணக்குப் போடக் கூடாது. இந்தக் கருவிகள் கேட்பது வாட்டை. வோல்ட் இறங்க இறங்க ஆம்பியர் ஏறும், பேட்டரி காலியாகும் 43.2 வோல்ட்டுக்கு வரும்போது அதே லோடு 97 ஆம்பியர் இழுக்கும். எனவே சராசரியாக 87 என்று வைத்தோம். ஆறு மணி நேரம் தாங்க வேண்டும் என்றால் 522 ஆம்பியர் மணி. லெட் ஆசிட் பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு இறங்கினால் அதன் ஆயுள் முடிந்ததாகக் கணக்கு. அந்தக் கடைசி நாளிலும் ஆறு மணி நேரம் வேண்டுமே, அதனால் 0.8ஆல் வகுத்தால் 652. அப்புறம், பேட்டரியில் எழுதியிருக்கும் கொள்ளளவு பத்து மணி நேரத்தில் காலி செய்தால் கிடைப்பது. ஆறு மணி நேரத்தில் காலி செய்தால் பத்து சதவீதத்துக்கு மேல் குறையும். எல்லாம் சேர்த்து 400 ஆம்பியர் மணி ஸ்ட்ரிங் இரண்டு, மொத்தம் 800 என்று முடிவானது.

ரெக்டிஃபையர் கணக்கில் பலர் விடுவது சார்ஜ் ஆகும் மின்னோட்டத்தை. காலியான பேட்டரியைக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டத்தில் நிரப்புவது பாதுகாப்பான வழக்கம்; இங்கே அது 80 ஆம்பியர். லோடு 78, ஆக 158. மூன்று கிலோவாட் மாட்யூல் ஒன்று 54 வோல்ட்டில் 55 ஆம்பியர் தரும். மூன்று போதும், ஒன்று கெட்டாலும் சமாளிக்க நான்காவது. கையில் தூக்கிச் செருகும் அளவுள்ள பெட்டிக்குள் மூன்று கிலோவாட் எப்படி அடங்குகிறது என்று எங்கள் குழுவில் இளையவர் கேட்டார். உள்ளே ஏசியை முதலில் 400 வோல்ட்டை ஒட்டிய டிசியாக்கி, அதை மிக அதிக அதிர்வெண்ணில் வெட்டி, உள்ளங்கை அளவு டிரான்ஸ்ஃபார்மர் வழியாக இறக்குகிறார்கள். அதிர்வெண் ஏறினால் டிரான்ஸ்ஃபார்மர் சிறுக்கும், அவ்வளவுதான் ரகசியம்.

ரேக் நிறுத்துவது, எர்த், ஏசி வயரிங் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மாட்யூல்களை மூன்று ஃபேஸ்களிலும் பிரித்துப் போடுங்கள், போதும்.

பேட்டரியை இணைக்கும் முன், லோடு போல மின்சாரத்தை இழுத்துக் காட்டும் லோடு பேங்க் வைத்து ரெக்டிஃபையர்களை மட்டும் சோதித்தோம். அங்கேதான் முதல் தடுமாற்றம். கிளாம்ப் மீட்டர் 60 ஆம்பியர் என்கிறது, மாட்யூல்களை நடத்தும் கன்ட்ரோலரின் திரையில் 48. முதலில் கிளாம்ப் மீட்டரைச் சந்தேகித்து இன்னொன்றை வைத்தோம், அதுவும் 60. பின்பக்கப் பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், மின்னோட்டத்தை மில்லிவோல்ட்டாகக் காட்டும் ஷண்ட் பட்டையில் 500 ஆம்பியர், 60 மில்லிவோல்ட் என்று பொறித்திருந்தது. கன்ட்ரோலரில் இருந்த அமைப்போ 500 ஆம்பியருக்கு 75 மில்லிவோல்ட். 60 ஆம்பியருக்கு ஷண்ட் 7.2 மில்லிவோல்ட் தருகிறது, கன்ட்ரோலர் அதை 75க்கு உரிய கணக்கில் 48 என்று படிக்கிறது. பேட்டரி ஷண்ட்டிலும் இதே தவறு. சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் கன்ட்ரோலர் 80 ஆம்பியரில் கட்டுப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு பேட்டரிக்குள் 100 ஆம்பியரை விட்டிருக்கும். திரையில் தெரியும் எண்ணை வெளி மீட்டரால் ஒரு முறையாவது சரிபார்க்காமல் நம்பாதீர்கள் என்று இதைப் படிக்கும் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது பேட்டரி. மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, இன்சுலேஷன் போட்ட ஸ்பேனர்களோடுதான் தொட்டோம். பேட்டரிக்கு ஸ்விட்ச் ஆஃப் கிடையாது. சும்மா இருந்த ஸ்ட்ரிங் 51.4 வோல்ட், பஸ் 54. வித்தியாசம் 2.6 வோல்ட்தான், ஆனால் ஸ்ட்ரிங்கின் உள் மின்தடை சில மில்லி ஓம்களே. அப்படியே பிரேக்கரைப் போட்டால் நூறு ஆம்பியருக்கு மேல் பாயும். அதனால் ரெக்டிஃபையர் வோல்ட்டை 51.4க்கு இறக்கி, பிரேக்கரின் இரு முனைகளுக்கு நடுவே ஏறக்குறைய பூஜ்யம் என்று மீட்டரில் பார்த்துவிட்டு, பிறகு போட்டோம். ஒரு பொறி இல்லை. அப்புறம் மெதுவாக ஏற்றி முழுதாகச் சார்ஜ் செய்தோம்.

வெப்பநிலை சென்சாரை அலமாரியில் தொங்கவிட்டிருந்தார்கள். அதை நடு செல்லின் உடம்பில் ஒட்டினோம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் செல்லுக்கு 3 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும், 24 செல்லுக்கு 72. 35 டிகிரியில் 54க்குப் பதில் 53.28. சூடான பேட்டரிக்கு அதே 54ஐக் கொடுத்துக்கொண்டே இருந்தால் அது இன்னும் மின்னோட்டம் இழுக்கும், இன்னும் சூடாகும், கடைசியில் கட்டுக்கு அடங்காது.

கருவிகள் இன்னும் பழைய பிளான்ட்டில்தான் ஓடின. மறுநாள் புதியதற்கு வரும் மெயின்ஸை மட்டும் அணைத்து, லோடு பேங்க்கை 87 ஆம்பியரில் வைத்து டிஸ்சார்ஜ் சோதனை. வோல்ட் சட்டென்று 48.6க்கு விழுந்தது. இளையவர் என் முகத்தைப் பார்த்தார். "பதறாதீங்க தம்பி, இப்போ ஏறும் பாருங்க" என்றேன். ஒன்றிரண்டு நிமிடத்தில் 49.2க்கு ஏறி நின்றது. நிரம்பிய லெட் ஆசிட் பேட்டரி லோடு ஏறிய முதல் கணத்தில் இப்படித்தான் ஒரு தரம் குனிந்து நிமிரும். இது தெரியாமல் லோடைத் துண்டிக்கும் கட்-ஆஃப் அளவை மிக உயரத்தில் வைத்தால் அந்தக் குனிவிலேயே எல்லாம் அணைந்துவிடும்.

என்னை உறுத்தியது வேறொன்று. ஒரு ஸ்ட்ரிங்கில் 47 ஆம்பியர், இன்னொன்றில் 40. ஒரே வகை, ஒரே நாளில் வந்த செல்கள், கேபிள் நீளமும் ஒன்றே. பாதிக்குப் பாதி பிரிந்திருக்க வேண்டும். 40 ஓடிய ஸ்ட்ரிங்கில் ஒவ்வோர் இணைப்புப் பட்டையின் இரு முனையிலும் மில்லிவோல்ட் பார்த்துக்கொண்டே வந்தோம். நாலு, அஞ்சு, நாலு, அஞ்சு. 16ஆவது செல்லுக்கும் 17ஆவது செல்லுக்கும் நடுவில் 70. கை வைத்தால் மற்ற பட்டைகளைவிட இளஞ்சூடு. போல்ட்டைக் கையால் முடுக்கியதோடு விட்டிருக்கிறோம், சரியான அளவுக்கு முடுக்கும் டார்க் ஸ்பேனர் அங்கே போகவே இல்லை. சோதனையை நிறுத்தி, அந்தப் பட்டையைத் துடைத்து, சொன்ன அளவுக்கு முடுக்கி மறுபடி ஓட்டினோம். 44, 43. மூன்று மணி நேரம் கழித்து 47.9 வோல்ட். மெயின்ஸ் மட்டும் இருந்திருந்தால் இந்த ஒரு போல்ட் வருடக்கணக்கில் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

கட்-ஆஃப் பற்றி ஒரு வார்த்தை. 44.4இல் முக்கியமில்லாத லோடுகள் கழலும், 43.2இல், அதாவது செல்லுக்கு 1.8இல், பேட்டரியே கழலும். அதற்குக் கீழே இறங்கவிட்டால் பேட்டரி கெடும். கழன்றதும் பேட்டரி வோல்ட் தானாகவே சில வோல்ட் மேலே எழும். அதைப் பார்த்து மறுபடி இணையும்படி வைத்தால் இணைவதும் கழல்வதுமாக கான்டாக்டர் என்ற பெரிய ரிலே அடித்துக்கொண்டே இருக்கும். மெயின்ஸ் வந்த பிறகே இணையட்டும் என்று வைத்தோம்.

பேட்டரி திரும்ப நிரம்பியதும், அடுத்த இரவு லோடு மாற்றம். இரண்டு பிளான்ட்டின் ப்ளஸ்ஸும் ஒரே எர்த் பாரில்தான் இருந்தன. மைனஸ் பஸ்கள் இரண்டையும் ஒரு பிரேக்கர் வழியாகத் தற்காலிகக் கேபிளால் இணைத்தோம். இரண்டையும் 54க்கு வைத்து, வித்தியாசம் 0.08 வோல்ட் என்று பார்த்த பிறகே பிரேக்கரைப் போட்டோம். இனி இரண்டும் ஒரே பஸ், எந்த லோடை எங்கே மாற்றினாலும் ஒன்றுதான்.

பெரும்பாலான கருவிகளுக்கு ஏ, பி என இரண்டு ஃபீட், அதாவது மின்சாரம் வரும் இரண்டு தனி வழி. பி ஃபீடைக் கழற்றிப் புதியதில் கொடுத்து, பிறகு ஏ. ஒவ்வொன்றையும் தொடும் முன் இரண்டிலும் மின்னோட்டம் ஓடுகிறதா என்று கிளாம்ப் வைத்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தோம். ஐந்தாவது கருவியில் இளையவர் நின்றுவிட்டார். "அண்ணே, கேபிள் ரெண்டும் இருக்கு. ஏல ஆறு ஆம்பியர், பில ஒண்ணுமே இல்ல." கருவியின் உள் பலகையில் பி பக்க ஃப்யூஸ் எப்போதோ போயிருக்கிறது, எச்சரிக்கை விளக்கு கதவுக்குப் பின்னால் எரிந்துகொண்டிருந்தது. பியை மாற்றிவிட்டு, எல்லாம் சரி என்று ஏயைக் கழற்றியிருந்தால் அது அந்தக் கணமே செத்திருக்கும். ஃப்யூஸ் மாற்றியதும் மூன்றும் மூன்றுமாகப் பிரிந்தது. ஒரே ஃபீட் உள்ள இரண்டு கருவிகளுக்கு, புது பிரேக்கரிலிருந்து இணையாக ஒரு கேபிளைக் கருவியின் முனையத்திலேயே கொடுத்துவிட்டுப் பழையதை எடுத்தோம். இரவிலேயே அதிக நேரம் பிடித்தது அந்த இரண்டும்தான்.

விடியும் முன் பழையதைப் பிரித்தாயிற்று. கடைசியாக ஒரு மாட்யூலை ஓட்டத்திலேயே உருவினேன். நான்கில் 19, 20 ஆம்பியராக ஓடியது மூன்றில் 26 ஆனது, பஸ்ஸில் 54 அசையவில்லை. கன்ட்ரோலரையும் உருவிப் பார்த்தோம். மாட்யூல்கள் தங்களுக்குள் பதிந்திருந்த ஃப்ளோட் அளவில் தொடர்ந்து ஓடின. மூளை போனாலும் மூச்சு நிற்கக் கூடாது என்று வடிவமைத்தவர்களை அந்த நேரத்தில் மனதார நினைத்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் நள்ளிரவில் மெயின்ஸ் போய் ஒரு மணி நாற்பது நிமிடம் கழித்து வந்தது. யாரும் எங்களை அழைக்கவில்லை, காலையில் பதிவைப் பார்த்துத்தான் தெரிந்தது. 48.7க்குக் குனிந்து 49.2க்கு நிமிர்ந்திருக்கிறது, முடிவில் 48.5. மெயின்ஸ் வந்ததும் மாட்யூல்கள் ஒரேயடியாகப் பாயாமல் படிப்படியாக ஏறியிருக்கின்றன. நாங்கள் போட்ட 158 ஆம்பியருக்குப் பதில் உச்சம் 162. பஸ் அப்போது 51 வோல்ட்டில்தான் இருந்தது, லோடு 82 இழுத்திருக்கிறது, பேட்டரிக்குச் சரியாக 80. முதல் சோதனையில் எடுத்த 48 செல்களின் அளவுகளையும் இணைப்புகளின் மில்லிவோல்ட்டையும் ஒரு தாளில் எழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம். அதில் அந்த இரவின் எண்களையும் தேதி போட்டுச் சேர்த்தேன். ஆறு மாதம் கழித்துச் சோதிக்க வருபவர் முதலில் 16ஆவது செல்லைப் பார்க்கட்டும் என்று அதன் எதிரே ஒரு வட்டமும் போட்டேன்.