பொத்தான் டீச்சர்

என் தம்பிக்கு டீச்சர் முதலில் சொல்லிக்கொடுத்தது அ, ஆ இல்லை. சட்டைப் பொத்தான் போடுவது. அதற்கே ஒரு தவணை முழுதும் போய்விட்டது. அப்பாவுக்குப் பெரிய மனக்குறை. "பொத்தான் போடவா பள்ளிக்கூடம் அனுப்பினோம்?" என்று இரவில் அடுப்படியில் குந்திக்கொண்டு முணுமுணுப்பார். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், சிலர் டீச்சருக்குப் பொத்தான் டீச்சர் என்று பட்டமே கட்டிவிட்டார்கள். போன மாதம் அவர் காலமானபோது மரண அறிவித்தலில் அந்தப் பட்டத்தையும் சேர்த்துத்தான் அச்சடித்திருந்தார்கள். அது இல்லாவிட்டால் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்திருக்காது. இயற்பெயரை நான் இங்கே எழுதவில்லை. பெயரைப் போட்டுப் புகழ்ந்தால் முறைக்கிற ஆள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், தலவாக்கலையிலிருந்து பூண்டுலோயாவுக்குப் போகும் பாதையில் இருக்கிறது. நான் சொல்வது தொண்ணூறுகளின் கடைசிக் காலம். கைக்குழந்தை என்றால் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளை மடுவத்தில் விடலாம். ஐந்து வயதானால் பாடசாலை. பேச்சு வராத, நடக்க முடியாத, புரிந்துகொள்ள நேரமெடுக்கும் பிள்ளைக்கு ஐந்து வயதுக்குப் பிறகு இடமே இல்லை. வீட்டில் கிழவி இருந்தால் தப்பித்தார்கள். இல்லையென்றால் காம்பரா என்கிற லய அறைக்கு வெளியே கொண்டி போட்டுவிட்டு அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போவாள். இதைக் கொடுமை என்று தூரத்திலிருந்து சொல்வது சுலபம். மலைக்குப் போகாத நாளுக்குப் பேர், அதாவது நாட்கூலி, கிடையாது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர். அந்தக் கணக்குக்குள்தான் பிள்ளை வளர்க்க வேண்டும்.

டீச்சர் மகரகமவில் விசேட கல்விப் பயிற்சி முடித்து வந்தவர். வந்த முதல் வேலையாக லயம் லயமாக ஏறி, கொண்டி போட்டிருக்கும் கதவுகளைத் தட்டினார். கைப்பையில் இரண்டு போட்டோ பிரதிகள் எப்போதும் இருக்கும். ஒன்று, 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகள் கட்டாயம் பாடசாலைக்குப் போக வேண்டும் என்று 1997இல் வந்த ஒழுங்குவிதி. 1998 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. மற்றது இயலாமையுள்ளவர்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். இயலாமையைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனத்திலும் அனுமதி மறுக்கக் கூடாது என்கிற 23ஆம் பிரிவைச் சிவப்புப் பேனாவால் கோடிட்டு வைத்திருந்தார். "மற்றப் பிள்ளைகளின் படிப்புக் கெடும்" என்று ஒரு பாடசாலை அதிபர் சொன்னபோது டீச்சர் வாதாடவில்லை. அந்தத் தாளை மேசையில் வைத்து, "சேர், நீங்கள் சொன்னதை அப்படியே எழுத்தில் தாருங்கள்" என்றாராம். எழுத்தில் கிடைக்கவில்லை. பழைய டெஸ்க்குகள் குவிந்து கிடந்த களஞ்சிய அறை கிடைத்தது. அம்மாமார் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கழுவிக் கொடுத்தார்கள்.

அந்த அறையில்தான் பொத்தான் பாடம். என் தம்பிக்கு டவுன் சின்ட்ரோம். விரல்கள் குட்டையானவை, தசையில் இறுக்கம் குறைவு. சின்னப் பொத்தான் அவன் கையில் நிற்காது. எங்கள் அப்பாவின் பழைய கோட்டிலிருந்து டீச்சர் பெரிய பொத்தான்களைப் பிய்த்து, தடித்த சாக்குத் துணியில் தைத்தார். எதிர்ப்பக்கம் அகலமான துளை. பொத்தானைத் துளைக்குள் முக்கால்வாசி தானே நுழைத்துவிட்டு, மிச்சத்தை இழுக்க மட்டும் அவனிடம் கொடுத்தார். இழுத்தான், வந்துவிட்டது. கைதட்டினார். அது பழகிய பிறகு பாதிவரை நுழைத்துக் கொடுத்தார். அப்புறம் துளையின் வாயில் வைத்து மட்டும் கொடுத்தார். அதாவது வேலையைக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுப்பது. ஒவ்வொரு தடவையும் முடித்து வைப்பது பிள்ளையாகவே இருக்கும். தோற்றுப் போய் எழுந்து போகிற நாளே வராது. நான் பின்னால் கணக்கியல் படித்தேன், நல்ல விரிவுரையாளர்களிடமும் படித்தேன். இத்தனை யோசித்துப் பாடம் நடத்திய ஒருவரை அங்கே பார்க்கவில்லை.

சாந்தமான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டும் தாயைக் கண்டால், "நீ ஊட்டினால் அவனுக்குக் கை எதற்கு?" என்று எல்லார் முன்னும் கேட்பார். அப்பியாசக் கொப்பிகளோடு கமெராவும் கொண்டு வருபவர்களை வாசலிலேயே நிறுத்தி, கொப்பியை மட்டும் வாங்கிக்கொள்வார். எங்கள் அப்பாயியிடம்தான் தணிந்து பேசினார். கிரகணத்தன்று அம்மா காய் நறுக்கியதால்தான் பிள்ளை இப்படிப் பிறந்தது என்று அப்பாயி வருடக்கணக்கில் சொல்லி வந்தார். டீச்சர் எங்கள் வாசல் திண்ணையில் புளியங்கொட்டைகளைச் சோடி சோடியாக அடுக்கினார். 21ஆவது சோடியில் மட்டும் மூன்று கொட்டைகள். "கருவாகும்போதே நிறமூர்த்தம் (குரோமோசோம்) ஒன்று கூடிவிட்டது, அப்பாயி. உங்கள் மருமகள் கத்தியைத் தொடுவதற்கு முன்பே எல்லாம் நடந்துவிட்டது." அப்பாயி நம்பினாரா என்று தெரியாது. ஆனால் கிரகணப் பேச்சு அதோடு நின்றது. அம்மா அன்றிரவு அழுததை நான் போர்வைக்குள்ளிருந்து கேட்டேன்.

காது கேளாத பையன் ஒருவனும் அந்த வகுப்பில் இருந்தான். ஊமையன் என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சர் அவனைத் தப்பு மேளம் அடிக்கிறவரிடம் கூட்டிப் போனார். "இவனுக்குக் காது வேண்டாம் அண்ணே, கை போதும்" என்று அவன் உள்ளங்கையைத் தப்பின் தோலில் வைத்தார். மன்மதன் கதையை ஆடும் மாசி மாதக் காமன் கூத்தில் அவன் இப்போது வரிசையில் நிற்கிறான். பக்கத்தில் அடிப்பவரின் தோளைப் பார்த்துத் தாளம் பிடிக்கிறான். அவனை இப்போது எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

டீச்சர் ஓய்வு பெற்ற பிறகும் அம்மாமார் விடவில்லை. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு கூடுகிறார்கள். பிறப்புப் பதிவே இல்லாத பிள்ளைக்குக் காலம் கடந்த பதிவு எடுப்பது, கொடுப்பனவுக்காகப் பிரதேச செயலகத்துக்குப் போகும் தாயோடு ஒருத்தி துணைக்குப் போவது, பகல் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் யார் யார் வீட்டுப் பிள்ளையைக் கூட்டி வருவது என்று பேசி முடிப்பது, எல்லாம் அங்கேதான். வகுப்பை இப்போது நடத்துபவர் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் படித்துவிட்டு வந்த பெண். எங்கள் மேல்லயத்துப் பிள்ளை, டீச்சரிடம் படித்த ஒருவனின் தங்கை.

தம்பிக்கு முப்பது தாண்டிவிட்டது. டவுனில் ஒரு மரக்கறிக் கடையில் கரட்டையும் லீக்ஸையும் தரம் பிரிக்கிறான். செத்த வீட்டுக்கு வந்த ஒரு பெரிய மனிதரின் கோட்டுப் பொத்தான் திறந்திருந்தது. இவன் நேரே போய் அதைப் போட்டுவிட்டான். அவர் திகைத்து நின்றார். அம்மாமார் கூட்டம் ஒன்று சாவு வீடென்றும் பாராமல் சிரித்துவிட்டது.

டீச்சர் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று பணம் சேர்க்கிறார்கள். கோயில் கமிட்டித் தலைவருக்குக் கருங்கல் பெயர்ப்பலகை வேண்டுமாம், திறந்து வைக்க ஓர் அமைச்சரும் வேண்டுமாம். அந்த வகுப்பறைக் கழிப்பறையின் கதவு இன்னும் சக்கர நாற்காலி நுழைய முடியாத அகலத்தில்தான் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். என் பங்குப் பணம் கதவுக்குத்தான் என்று எழுதியே அனுப்பிவிட்டேன். தலைவர் கோபமாக இருப்பதாகக் கேள்வி. வருகிற ஞாயிறு கூட்டத்துக்கு நானும் போகிறேன், ஒரு மேசனிடம் விலை விசாரித்துக்கொண்டு.