செம்மறிக் குட்டிகளும் நரிக் கணக்கும்

சிங்கப்பூரில் கால்நடை மருத்துவக் கல்லூரி கிடையாது. இங்கிருந்து இத்துறைக்குச் செல்பவர்களில் பலர் ஆஸ்திரேலியாவில் படித்துத் திரும்புகிறோம். பிற்காலத்தில் அடுக்குமாடி வீட்டு நாய்க்கும் பூனைக்கும் மட்டுமே வைத்தியம் பார்க்கப்போகிறவராக இருந்தாலும், படிக்கும் காலத்தில் ஆட்டுப் பண்ணையிலும் மாட்டுப் பண்ணையிலும் வேலை செய்தே ஆகவேண்டும். பெர்த் நகரின் மர்டோக் பல்கலைக்கழகத்தில் படித்த எனக்கு வாய்த்தது, நகருக்குத் தென்கிழக்கே நாரஜின் வட்டாரத்தில் கணவனும் மனைவியுமாக இருவர் மட்டும் நடத்திவந்த ஒரு செம்மறிப் பண்ணை. அந்த ஊர்க் கணக்கில் அது சிறிய பண்ணை. சில நூறு தாயாடுகள் இருந்தன. நான் போய்ச் சேர்ந்தது ஆடுகள் குட்டி ஈனும் குளிர்காலம். அங்கே எவரிடம் பேசினாலும் பேச்சு கடைசியில் நரியில் போய் முடியும்.

செந்நரி ஆஸ்திரேலியாவின் பூர்வீக விலங்கன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேட்டைப் பொழுதுபோக்கிற்காக ஐரோப்பியக் குடியேறிகள் விக்டோரியாவில் கொண்டுவந்து விட்டார்கள். வெப்ப மண்டல வடபகுதியும் டாஸ்மேனியாவும் நீங்கலாக, அது இன்று ஏறத்தாழக் கண்டம் முழுவதும் பரவியிருக்கிறது. வளர்ந்த நரியின் எடை பெரும்பாலும் எட்டுக் கிலோவைத் தாண்டாது. ஆரோக்கியமான தாயாடு எதிர்த்து நின்றால் அதனால் எதுவும் செய்ய முடியாது. பிறந்து சில மணி நேரமே ஆன, தாயை விட்டு விலகிய நான்கு கிலோக் குட்டியைத்தான் அது குறிவைக்கும்.

காலையில் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி வரும்போது, நாக்கும் வாலும் தின்னப்பட்டு, வயிறு கிழிந்து கிடக்கும் குட்டியைப் பார்த்தால் எவருக்கும் நரியின் மேல்தான் கோபம் வரும். எங்களுக்கு வழிகாட்டிய மருத்துவர் அந்தக் கோபத்தைத் தள்ளி வைக்கச் சொன்னார். இறந்த குட்டிகளையெல்லாம் வாளிகளில் சேகரித்து, கொட்டகையின் பின்புறம் ஒரு பலகையில் வரிசையாகக் கிடத்தி, ஒவ்வொன்றையும் அறுத்துப் பார்க்க வைத்தார். முதலில் நுரையீரல்: அது தண்ணீரில் மிதந்தால் குட்டி பிறந்த பின் மூச்சு விட்டிருக்கிறது, மூழ்கினால் இறந்தே பிறந்திருக்கிறது. அடுத்து குளம்பு: அதன் அடியில் பிறவியிலேயே இருக்கும் மென்மையான உறை தேய்ந்திருந்தால் குட்டி எழுந்து நடந்திருக்கிறது. பின்னர் இரைப்பை: அதில் சீம்பால் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறுநீரகத்தையும் இதயத்தையும் சுற்றியுள்ள கொழுப்பு கரைந்து செந்நிறக் கூழாகியிருந்தால், அந்தக் குட்டி பசியிலும் குளிரிலும் தன் கடைசிச் சேமிப்பையும் செலவழித்துவிட்டு இறந்திருக்கிறது. கடைசியாகத்தான் கடிவாயைப் பார்ப்போம். தோலை உரித்தால் பல் பதிந்த இடத்தைச் சுற்றி இரத்தம் கட்டியிருக்க வேண்டும். இரத்தம் கட்டாத கடி, உயிர் போன பிறகு விழுந்த கடி.

அவ்வாறு பார்த்தபோது, நரி தின்ற குட்டிகளில் பெரும்பாலானவை நரி கொன்றவையாக இல்லை. பால் குடிக்காமலும், தாய் விட்டுப்போனதாலும், மழையோடு சேர்ந்த குளிர்காற்றில் உடல் விறைத்தும் இறந்தவற்றை நரி வந்து துப்புரவு செய்திருந்தது. ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகள் பொதுவாகச் சொல்வதும் இதுதான். குட்டி இறப்பின் பெரும்பகுதி முதல் மூன்று நாட்களில் நேர்கிறது; பட்டினியும் குளிரும் பிரசவச் சிக்கலுமே அதற்கு முதன்மைக் காரணங்கள். ஒற்றைக் குட்டிகளைவிட இரட்டைக் குட்டிகள் அதிக விகிதத்தில் இறக்கின்றன. நரி உண்மையிலேயே கொன்ற குட்டிகளும் அந்தப் பலகையில் இருந்தன; ஒரு சில பண்ணைகளில் அந்தத் தொகை பெரிதாகவும் இருக்கக்கூடும் என்பதால் நரியை முற்றிலும் விடுவிக்கவும் முடியாது. ஆயினும், கணக்கைப் பிரிக்காமல் துப்பாக்கியை எடுப்பவர் தம் இழப்பின் பெரும்பகுதியைத் தொடாமலே விட்டுவிடுகிறார் என்பது எனக்கு அங்கே உறுதியாயிற்று.

பண்ணைக்காரருக்கு இது உவப்பாக இல்லை. இரவெல்லாம் விளக்கடித்து நரி சுடுவதில் கண்முன் பலன் தெரிகிறது. காற்றுத் தடுப்புக்கு மரம் நடுவதில் அப்படி எதுவும் தெரிவதில்லை. அவருடைய மனைவிதான் முதலில் மாறினார். சினையாடுகளை ஸ்கேன் செய்து, இரட்டைக் குட்டி சுமப்பவற்றைத் தனியே பிரித்து, புதர் அடர்ந்த ஒதுக்கமான வயலில் சிறு கூட்டமாக விட்டு, தீவனத்தைக் கூட்டினார். ஈன்ற தாயாடு அந்த இடத்தை விட்டு நகராமல் முதல் ஆறு மணி நேரமாவது குட்டிகளோடு நின்றால்தான் பிணைப்பு உறுதிப்படும் என்பதால், அந்த வயலுக்குள் தேவையின்றி எவரும் வண்டி ஓட்டக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். அந்தத் தடை எங்களுக்கும் சேர்த்துத்தான்.

நரிக்கு என்று தனியாகச் செய்ததிலும் நேரமும் அண்டை வீட்டாருமே முக்கியமாக இருந்தார்கள். அங்கே பயன்படுவது 'டென்-எய்ட்டி' எனப்படும் சோடியம் ஃப்ளூரோஅசிட்டேட் நஞ்சு தோய்ந்த இரை. ஒருவர் மட்டும் தம் நிலத்தில் இரை வைத்தால், காலியான இடத்திற்குச் சில வாரங்களுக்குள் பக்கத்து நரி குடிவந்துவிடும். அதனால் குட்டி ஈனும் காலத்திற்கு முன்பே, சுற்றுவட்டாரப் பண்ணைகள் பேசிவைத்து ஒரே சமயத்தில் வைக்கின்றன. அதற்குப் பயிற்சியும் அனுமதியும் வேண்டும்; எல்லையில் அறிவிப்புப் பலகை நட வேண்டும்; அண்டை நிலத்தாருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். நாய்க்கு இந்த நஞ்சு மிகக் கொடியது, நம்பகமான மாற்று மருந்தும் இல்லை. நரியோ கிடைத்த இரையை வேறெங்காவது கொண்டுபோய்ப் புதைத்து வைக்கும் பழக்கமுடையது. ஆகவே, பண்ணை நாய்க்கு வாய்ப்பூட்டு மாட்டாமல் வெளியே விடுவதில்லை.

விலங்குகளைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டிருந்த காலத்தில் நஞ்சு வைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை. அந்த மண்ணின் கதை தெரிந்த பின்பே ஓரளவு ஏற்றுக்கொண்டேன். தென்மேற்கு ஆஸ்திரேலியாவின் காஸ்ட்ரோலோபியம் வகைச் செடிகளில் இதே நஞ்சு இயற்கையாகவே உள்ளது. தலைமுறை தலைமுறையாக அவற்றோடு வாழ்ந்த உள்ளூர் விலங்குகள் பலவற்றிற்கு அதைத் தாங்கும் திறன் வந்துவிட்டது, வெளியிலிருந்து வந்த நரிக்கு வரவில்லை. 1996-இல் மேற்கு ஆஸ்திரேலிய அரசு தொடங்கிய 'வெஸ்டர்ன் ஷீல்டு' திட்டம், கறையான் தின்னும் நம்பட் போன்ற அரிய விலங்குகளைக் காக்கக் காடுகளில் இந்த இரையைத்தான் இடுகிறது.

இந்தக் கதையை இப்போது எங்கள் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கும் ராமநாதபுரத்து அண்ணனிடம் சொன்னபோது, அவர் முதலில் கேட்டது, "ராத்திரி கிடையில ஆள் படுக்க மாட்டாங்களா, டாக்டர்?" என்பதுதான். இளம் வயதில் அவர் கிடை போட்டவர். அறுவடை முடிந்த வயலில் ஆடுகளை அடைத்து, குட்டிகளைக் கூடாப்பு எனும் கூண்டுக்குள் விட்டு மூடி, நாயோடு ஆளும் படுத்துக்கொண்டால் நரி நெருங்காது. இருவர் சில நூறு ஆடுகளை மேய்ச்சலிலேயே ஈனவிடும் இடத்தில் அந்த ஆள்பலத்திற்கு வழியில்லை. அதற்கு ஈடாகத்தான் அங்கே சிலர் மந்தைக் காவலுக்கென்றே வளர்க்கப்படும் இத்தாலிய இனமான மரேம்மா நாய்களையும், ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்த அல்பாக்காக்களையும் மந்தையோடு விடுகிறார்கள். விக்டோரியாவின் வார்னம்பூல் அருகே மிடில் தீவில், நரிகளால் பத்துக்கும் கீழே குறைந்துபோன சிறு பென்குயின்களைக் காக்க 2006-இல் மரேம்மாக்களைத்தான் நிறுத்தினார்கள்.

சிங்கப்பூரில் நரி இல்லை என்றாலும் பழி இருக்கிறது. லிம் சூ காங் பக்கம் வேலை பார்க்கும் அண்ணனின் நண்பர் ஒருவர், தாம் வளர்க்கும் கோழிகளை மலைப்பாம்பு கொல்வதாகவும், நரிக்கு வைப்பதுபோல் அதற்கும் ஏதாவது வைக்கலாமா என்றும் கேட்டனுப்பினார். இங்கே அந்த நியாயம் செல்லாது. மலைப்பாம்பு இந்தத் தீவின் சொந்தக் குடி. வனவிலங்குச் சட்டப்படி அனுமதியின்றி அதைக் கொல்வதும் பிடிப்பதும் குற்றம். இடைஞ்சல் என்றால் தேசியப் பூங்காக் கழகத்தை அழைக்க வேண்டும். அதற்கும் முன்பாக, இறந்த கோழிகள் எப்படிக் கிடந்தன என்று கேட்டேன். கழுத்து கடிபட்டு, பாதி தின்னப்பட்டுக் கிடந்தன என்றார். மலைப்பாம்பு கோழியை முழுதாக விழுங்கும், பாதியை மிச்சம் வைக்காது. நாயாகவோ புனுகுப்பூனையாகவோ இருக்கலாம் என்று சொல்லி, கூண்டின் கம்பிவலையை அடியில் மண்ணுக்குள் இறக்கிப் புதைக்கவும், பொழுது சாயுமுன் கதவை மூடவும் சொல்லியனுப்பினேன். அடுத்த கோழி செத்தால் தூக்கி எறியாமல் குளிர்பெட்டியில் வைத்துக் கொண்டுவரும்படியும் அண்ணன் அவரிடம் சொல்லியிருக்கிறார்.