நிலாவெளி வீட்டு வாடகையில் கையில் நிற்பது எவ்வளவு?

திருகோணமலைக்குப் பக்கத்தில், நிலாவெளியில் எங்களுக்கு ஒரு சின்ன வீடு இருக்கிறது. இரண்டு அறை, ஒரு குசினி, முன்னால் விறாந்தை. படலையைத் திறந்தால் மணல், கொஞ்சம் நடந்தால் கடல். மாமனார் காலத்துக் காணி அது. உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். கனடாவிலும் கொழும்பிலும் இருக்கிற சொந்தக்காரர் இப்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: உப்புவெளிப் பக்கம் ஒரு வீடோ, தொடர்மாடியில் ஒன்றோ வாங்கிப் போட்டால் வாடகையிலேயே முதல் வந்துவிடுமா? ஆளுக்கு ஆள் போனில் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன்.

எல்லோரும் ஒரு இரவுக்கு எவ்வளவு என்பதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அதை முப்பதால் பெருக்கி, பன்னிரண்டாலும் பெருக்கிவிடுகிறார்கள். திருகோணமலைக்கு அந்தக் கணக்குச் சரிவராது. இங்கே கடல் அடங்கியிருப்பது மே முதல் செப்டம்பர் வரைதான். புறாத்தீவுக்குப் படகில் போவதும் திமிங்கிலம் பார்க்கப் போவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். ஓகஸ்ட் விடுமுறையிலும், பௌர்ணமிப் போயா விடுமுறையோடு சேர்ந்து வருகிற நீண்ட வார இறுதியிலும் போன் ஓயாது. வாடை தொடங்கினால் வெளிநாட்டவர் தெற்கே காலி, மிரிஸ்ஸ பக்கம் போய்விடுவார்கள். வருமானம் ஐந்தாறு மாதத்துக்கு, செலவு பன்னிரண்டு மாதத்துக்கும். இதை முதலில் மனதில் வையுங்கள்.

செலவில் பெரியது உப்புக்காற்று. சீசனுக்கு முன் ஏசி பார்க்க வந்த தம்பி வெளிப்பெட்டியின் பின்பக்கத்தைக் காட்டி, “அக்கா, ஒருக்கா விரலால தொட்டுப் பாருங்கோ” என்றார். தொட்டேன். அலுமினியத் தகடுகள் நெருக்கமாக நிற்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. உள்ளே செப்புக் குழாய் வெறுமையாகத் தெரிந்தது. செம்பும் அலுமினியமும் ஒட்டியிருக்கிற இடத்தில் உப்பு ஈரம் படிந்தால் அரிபடுவது அலுமினியம்தானாம். தகடு போனால் சூடு வெளியேறாது. கொம்பிரசர் நிற்காமல் ஓடும், கரண்ட் பில் ஏறும், கடைசியில் கொம்பிரசரும் போய்விடும். அதனால் கிழமைக்கு ஒருமுறை அந்தப் பெட்டியை நல்ல தண்ணீரால் கழுவுகிறோம்.

பிணைச்சல், கொண்டி, பூட்டு, யன்னல் கம்பி என்று இரும்பு எதை வைத்தாலும் இதே கதிதான். கூடுதலாகக் கவனிக்க வேண்டியது கொங்கிறீட். உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் கொங்கிறீட்டைப் பிளக்கும். விறாந்தைத் தூணில் மயிரிழை போல ஒரு வெடிப்புத் தெரிந்ததுமே மேசனைக் கூப்பிட்டோம். அவர் அந்த இடத்தை உடைத்துக் கம்பியைச் சுரண்டி, துரு பிடிக்காத பூச்சுப் பூசி மூடினார். தொடர்மாடி வாங்குபவர்கள் இது தங்களுக்கு இல்லை என்று நினைக்க வேண்டாம். தொடர்மாடி உரிமை பற்றிய 1973ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் வருகிற கட்டடங்களில், வீட்டுச் சொந்தக்காரர் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இருக்கும். கூரை, வெளிச்சுவர், லிப்ட், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் மாதாமாதம் உங்கள் பங்கைக் கட்ட வேண்டும், ஆள் வந்தாலும் வராவிட்டாலும். வாங்குமுன் அந்த மாதக் காசு எவ்வளவு என்று கேட்பதோடு நிற்காதீர்கள். பெரிய திருத்த வேலைக்கென்று எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

அப்புறம் துணி. ஒரு கட்டிலுக்கு மூன்று சோடி விரிப்பு வேண்டும்: விரித்தது ஒன்று, கழுவப் போட்டது ஒன்று, அலுமாரியில் ஒன்று. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர். அதில் தோய்த்த வெள்ளை விரிப்பு மஞ்சளடிக்கும், சவுக்காரமும் நுரைக்காது. ஷவரின் கண்கள் அடைபடும். குழாய்த் தண்ணீரில் கழுவினால்தான் துணி துணியாக இருக்கும், அதற்கும் பில் வரும். கடலில் குளித்துவிட்டு மணலோடு துவாயில் படுப்பவர்களைக் குறை சொல்ல முடியாது, அதற்குத்தானே வருகிறார்கள்!

இணையத் தளங்கள் வழியாக வருகிற பதிவுகளில் நூற்றுக்கு 15 அளவு கழிந்துதான் கைக்கு வரும். பிரதேச சபை அனுமதி, சுற்றுலா அதிகாரசபைப் பதிவு, வீட்டுக்குரிய சோலைவரி எல்லாம் தனி.

மற்றது, வீட்டைப் பார்க்கிற அக்கா. கூட்டுவது, விரிப்பு மாற்றுவது, கேட்பவர்களுக்கு இடியப்பமும் சொதியும் வைத்துக் கொடுப்பது எல்லாம் அவர்தான். மாரியில் ஆள் வராத மாதங்களிலும் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறோம். சீசன் முடிந்ததும் நிறுத்தி மேயில் திரும்பக் கூப்பிடுகிற வழக்கம் இங்கே உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. அவர் வீட்டு அடுப்பு நவம்பரிலும் எரிய வேண்டும். வீட்டுக்கும் அந்த மாதங்களில்தான் ஆள் தேவை. கதவைப் பூட்டி வைத்தால் மெத்தையில் பூஞ்சணம் பிடித்துவிடும். வெயில் எறிக்கிற நாளில் யன்னல்களைத் திறந்து, மெத்தையைத் தூக்கி விறாந்தையில் போட ஒருவர் இருக்க வேண்டும். வெளிநாட்டில் இருந்துகொண்டு வாங்க நினைப்பவர்கள் இந்த ஆளைத் தேடிக்கொண்ட பிறகு வீட்டைத் தேடுங்கள்.

கடன் எடுத்து வாங்குவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்பு, 2020 கொரோனா, 2022 பெற்றோல் வரிசை மூன்றின் அடியும் எங்கள் சீசனில்தான் வந்து விழுந்தது. தெற்கே இருப்பவர்களுக்குச் சீசன் டிசம்பரில். எங்களுக்கு மே போனால் அடுத்த மேதான். ஒரு சீசன் முழுக்கச் சும்மா கிடந்தாலும் சம்பளம், பில், திருத்த வேலை எல்லாவற்றையும் தாங்குகிற அளவு காசு ஒதுக்கி வைக்க முடிந்தால் மட்டும் இறங்குங்கள்.

இவ்வளவுக்கும் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், ஓகஸ்டில் வந்து பார்க்காதீர்கள். ஓகஸ்டில் எந்த வீடும் அழகு. டிசம்பரில், மழை கொட்டுகிற நாளில் வாருங்கள். கூரை எங்கே ஒழுகுகிறது, ஒழுங்கையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, கடல் எவ்வளவு தூரம் ஏறி வருகிறது என்று பாருங்கள். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். ஏசிப் பெட்டியின் பின்பக்கத்தையும் தொட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு விலை பேசலாம்.