ஓஜே கேட்ட ஓட்டு

இன்றைய ஹைட்டி அன்று சான் தொமிங் என்ற பிரெஞ்சுக் காலனி. கலப்பினத்தவரான வின்சென்ட் ஓஜே அங்கே வசதியான வணிகர்; ஆனாலும் ஓட்டு கிடையாது. பாரிஸிலிருந்த பிரெஞ்சு தேசிய சபையின் 1790 மார்ச் 28 உத்தரவின் 4ஆம் பிரிவுப்படி 25 வயதும் சொத்தும் இருந்தால் ஓட்டு உண்டு. சொத்து இல்லாதவர் இரண்டு வருடம் குடியிருந்து வரி கட்டியிருக்க வேண்டும். நிறம் பற்றிப் பேச்சே இல்லை, அதுதான் வினையானது. வெள்ளையர்கள் தங்களுக்கு மட்டும் என்றார்கள்.

அக்டோபரில் பாரிஸிலிருந்து திரும்பிய ஓஜே, உத்தரவை அமல்படுத்தச் சொல்லிக் கடிதம் எழுதினார். சுமார் 300 பேரையும் திரட்டினார். ஆனால் அடிமைகளின் விடுதலையை அவர் கேட்கவில்லை. காலனியில் பெரும்பான்மை அவர்கள்தான். என் கணிப்பில் அவர் சறுக்கியது அங்கேதான். ஸ்பானியப் பகுதிக்குத் தப்பியவரைப் பிடித்துக் கொடுத்தார்கள். 1791 பிப்ரவரியில் சக்கரத்தில் கட்டி எலும்பு முறித்துக் கொன்றார்கள். மே 15இல் பாரிஸ் கொஞ்சம் இறங்கி வந்தது: சுதந்திரமான தாய் தந்தைக்குப் பிறந்தவர்களுக்கு மட்டும் உரிமை.